கன்னத்தில் பத்துக் குண்டு

அக்கா பேசும்போது இடது கன்னம் மட்டும் அசையாது. புதுசாகப் பார்க்கிறவர்கள் பல் வலி என்று நினைப்பார்கள். பல் வலி இல்லை. அந்தக் கன்னத்துக்குள் பத்து ஈயக் குண்டு இருக்கும்.

ஊட்டி ஏரிக்குப் போகிற ரோட்டில் வண்டி நிறுத்துகிற மைதானம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில்தான் அக்காவின் பலூன் சுடுகிற கடை. கடை என்றால் நாலு மூங்கில், ஒரு தார்ப்பாய், பலூன் கட்டிய பலகை, அடிபட்ட குண்டைப் பிடிக்கப் பலகைக்குப் பின்னால் ஈரச் சாக்கு, மேசைமேல் இரண்டு ஏர்கன். அதற்கு அடுத்தது என்னுடைய சோளக்கடை. பதினோரு வருசம் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அக்கா கடையில் பிள்ளைகள் சுடும். காத்திருக்கிற அப்பா அம்மா என்னிடம் சோளம் வாங்குவார்கள். அக்கா கடை ஓடினால்தான் என் அடுப்பில் கரி எரியும்.

ஏர்கன்னை நடுவில் மடக்க வேண்டும். குழாயின் அடியில் ஒரு குண்டை வைத்து, மறுபடி நிமிர்த்தினால் சுடத் தயார். குண்டு உளுந்து அளவுதான். எங்கள் ஊர்க் குளிரில் விரல் விறைத்துப்போய்விடும். டப்பாவுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பாதி கீழே சிந்தும். அதனால் ஓர் ஆள் சுட வந்ததும் பத்துக் குண்டை எண்ணி மொத்தமாக வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒரு கை துப்பாக்கியை மடக்கும். இன்னொரு கை உதட்டுக்குப் போய்க் குண்டோடு திரும்பும். தையல்காரர் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரி. அந்த ரோட்டில் எல்லாப் பலூன் கடைக்காரர்களுக்கும் அதுதான் வழக்கம். அக்காவிடம் ஒரு விசேஷம், நாக்குக்கே கணக்குத் தெரியும். "இன்னும் மூணு இருக்கு தம்பி, அவசரப்படாமச் சுடுங்க" என்று பல்லைத் திறக்காமல் சொல்லும். மூன்றுதான் இருக்கும்.

துப்பாக்கியின் கோளாறை மறைக்காத ஒரே கடையும் அக்காவுடையதுதான். "இது கொஞ்சம் எடப்பக்கம் இழுக்கும். பலூனோட வலது காதப் பாத்துச் சுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்கும். ஒரு தடவை ஈரோட்டிலிருந்து புதுமணத் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளை பத்தையும் விட்டுவிட்டு, துப்பாக்கியே சரியில்லை என்றார். பெண் அதே துப்பாக்கியை வாங்கி ஏழு பலூனை உடைத்தாள். அக்கா பலூன் ஊதிக்கொண்டே, "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க இனிமே வீட்டுல பாத்துப் பேசிக்குங்க" என்றது. அந்தத் தம்பியும் சிரித்துவிட்டு வந்து என்னிடம் இரண்டு சோளம் வாங்கினார்.

அக்கா வளர்ந்தது பந்தலூர் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். பிறந்தது சிலோனில். ஆறு வயசில் கப்பல் ஏறி வந்த பிள்ளை. எத்தனை வருசமானாலும் முடியாது என்று சொல்ல வராது, "ஏலாது" என்றுதான் வரும். டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்லும். பலூன் கடை வீட்டுக்காரர் போட்டது. அவர் போன பிறகு அக்கா தனியாகவே நடத்தியது. ஒரே மகளைப் பந்தலூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது.

அக்காவின் வாடகை ரூமுக்கு முதல் தடவை போனபோது எனக்கு மளிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தீப்பெட்டி பண்டல் பண்டலாக. உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி. கட்டிலுக்கு அடியில் வட்ட வட்டமான குண்டு டப்பாக்கள், செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன.

"ஏனுங்க்கா, இத்தனையும் எதுக்குங்க?"

"வெல ஏறுமே புள்ள."

"ஏறுனா அப்ப வாங்கிக்கலாமுங்க."

"அப்ப இருக்கணுமே." கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தது. பிறகு, "அங்க தோட்டத்துல ஒரு வருசம் மாவு இல்ல. கடைக்காரன் நாளைக்கு வான்னான். ஆறு நாளா நாளைக்கு வான்னான். ஏழாம் நாளு அம்மா கடைக்குப் போவல" என்றது. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்குமோ என்னவோ. கையில் டம்ளரைக் கொடுத்து, சீனி போதுமா என்றது.

குண்டு விலை ஏறத்தான் ஏறியது. கோயம்புத்தூரிலிருந்து வேனில் பலூனும் குண்டும் கொண்டுவருகிற பலூன்காரர் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு காரணம் சொல்வார். ஒரு தடவை ஈயம் விலை ஏறிப்போச்சு என்பார். இன்னொரு தடவை டீசல். அடுத்த தடவை, "மேல ஏத்திட்டாங்கம்மா, நான் என்ன பண்றது" என்பார். மற்றக் கடைகளில் ஓர் ஆளுக்குப் பத்துக் குண்டு எட்டானது, எட்டு ஆறானது. அக்கா மட்டும் பத்தை விடவில்லை. எதிர்க்கடைக்காரர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க்கா, நீங்க பத்துக் குடுத்தா நாங்க எப்படிங்க பொழைக்கறது?"

"நான் குடுக்குறது பழைய வெலக் குண்டு அண்ணே. ஒங்களுது புது வெலக் குண்டு. ஒங்க கஷ்டம் எனக்குப் புரியாமயா இருக்கு?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு கன்னத்தால் மட்டும் சிரித்தது.

இனி என் சங்கதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பயந்த சுபாவம். ஏழாவதோடு நின்று கேரட் கழுவப் போனவள். தண்ணியில் நின்று நின்று கால் புண்ணானபோது காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். மழை வந்தால் மண் சரியும் என்று பயம். வெயில் அடித்தால் சீசன் சீக்கிரம் முடியும் என்று பயம். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் என்று சொன்ன வருசம் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. என் பயத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். அக்காவிடம்தான் சொல்வேன்.

அப்படித்தான் ஒரு தை மாசம் பலூன்காரர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். சீசனுக்கு முன்னால் குண்டு விலை பெரிசாக ஏறும், சரக்கே வராமலும் போகலாம் என்று. அக்கா அன்றைக்குக் கடைக்கு வரவில்லை. நானே சாயங்காலம் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருக்கலாம். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். "குண்டு இல்லாம மே மாசத்துல கடை மூடிருச்சுன்னா என்னங்க்கா பண்றது?" அக்கா கடையை நினைத்தா கேட்டேன்? என் சோளத்தையும் நினைத்துத்தான்.

அக்கா தோட்டைக் கழற்றி அடகு வைத்தது. நானும் கூடப் போனேன். ஒரு பெட்டி வாங்குங்க என்றேன். ஆறு பெட்டி வாங்கியது. பெட்டிக்குள் டப்பா டப்பாவாக, ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். இறக்கி வைத்துவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்து, வயிறு நிறைந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது.

விலையும் ஏறத்தான் செய்தது. அக்கா சொன்னது எதுவுமே தப்பாகவில்லை. தப்பாகியிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர் ஈரம் எதையும் விடாது. துணி பூத்துப்போகும், பருப்பு பூத்துப்போகும். இரண்டு மழைக்காலம் கட்டிலுக்கு அடியில் கிடந்த குண்டும் பூத்துப்போனது. டப்பாவைத் திறந்தால் கோலமாவில் புரட்டி எடுத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். அக்கா அதைத் துணியில் கட்டி உலுக்கும். தண்ணியில் அலசி முறத்தில் காயவைக்கும். "சரக்கு பழசானா இப்பிடித்தான். சுட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று வாயில் போட்டுக்கொள்ளும்.

"ஒரு மாதிரி இருக்காதுங்களாக்கா?"

"இல்ல புள்ள. இனிக்குது."

நிஜமாகவே இனித்ததாம். எனக்கு அன்றைக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. ஆனால் என் முதுகில்தான் எப்போதும் ஏதாவது ஊருமே என்று விட்டுவிட்டேன்.

முதலில் வயிற்றுவலி வந்தது. சோடா குடித்தால் சரியாகும் என்றது. பிறகு ஈறில் பல்லை ஒட்டி மை தீட்டின மாதிரி நீலமாக ஒரு கோடு. நான் காட்டினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாவல்பழம் தின்னேன் என்றது. அது நாவல்பழ மாசமே இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை முழுக்கக் கூட்டம், அக்கா துப்பாக்கியை மடக்கப் போய் மடக்க முடியாமல் நின்றது. மணிக்கட்டு, காம்பு ஒடிந்த பூ மாதிரி தொங்கியது. "பனியில கை மரத்துப்போச்சு. ஏலாது இன்னைக்கு" என்று மேசையில் துணியைப் போர்த்திவிட்டது. பகல் பன்னிரண்டு மணி. நல்ல வெயில்.

நான் இழுத்துக்கொண்டு போகாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. கையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். அக்கா வியாபாரம் என்றது. நான் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் குண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, கிட்னி வரைக்கும் போயிருக்கிறது என்று வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். வயிற்றுவலி அடங்கியது. கை பழைய மாதிரி ஆகவில்லை. இனிமேல் குண்டைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"டாக்டருக்கு என்னா தெரியும்? எங்க வீட்டுக்காரர் இருவது வருசம் வாயில வச்சாரு. அவரு செத்தது நெஞ்சு வலியில" என்றது அக்கா, பஸ்ஸிலேயே.

"அப்ப கடையை விட்டுருங்க்கா. குண்டை எதிர்க்கடைக்காரருக்கே குடுத்தரலாமுங்க. கேக்கறாரு."

"அவன் ஆறு குண்டு குடுக்குறவன். அவனுக்கா?" மருந்துப் பையை முழங்கையால் மடிக்கு இழுத்துக்கொண்டது. "இப்ப விட்டா இந்த வெலைக்கு மறுபடி கெடைக்குமா புள்ள?"

வாயில் வைக்க மாட்டேன் என்று மட்டும் எனக்குச் சத்தியம் செய்தது. வைக்கவும் இல்லை, ஒரு வாரம். ஆனால் அந்தக் கையால் உளுந்து அளவு குண்டை எப்படிப் பொறுக்குவது? விரல் டப்பாவுக்குள் போகும், மடங்காது. மேசை முழுக்கச் சிந்தும். பிள்ளைகள் குனிந்து பொறுக்கிக் கொடுக்கும். ஈயம் கையை எடுத்துவிட்டது. கை போனவளுக்கு மிச்சமிருந்தது வாய்தான்.

அது மறுபடி வாய்க்குப் போகாமல் இருக்க நான் போய்க் குண்டு போட்டுக் கொடுத்தேன். கையில் ரப்பர் உறை, ஒரு சின்ன இடுக்கி. வந்தவர்கள் "என்னங்க, ஆபரேசனா?" என்று கேலி செய்வார்கள். சோளம் ஒரு பக்கம் கருகும். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, "எடப்பக்கம் இழுக்கும் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு மாசம் அப்படி ஓடியது. நல்ல மாசம்தான் அது.

அப்புறம் எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவின் மருந்துச் சீட்டுக்காகப் போயிருந்தபோது டாக்டரம்மாவிடம், "கூட வேலை செய்யறவங்களுக்கும் வருங்களா?" என்று கேட்டேன். அந்த வெள்ளைப் பொடி துணியில் ஒட்டி வீட்டுக்குப் போகும், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ரொம்ப ஆபத்து என்றார். என் மகளுக்கு அப்போது நாலு வயசு. வேலை முடிந்து போனதும் என் முந்தானைக்குள்தான் வந்து புகுவாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன்.

"சோளத்துக்குக் கூட்டம் சாஸ்திங்க்கா. இனி வர முடியாதுங்க" என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "போ புள்ள. ஒன் கடையப் பாரு" என்றது.

அன்றைக்குச் சாயங்காலம் சென்னைக் குடும்பம் ஒன்று சுட வந்தது. அக்கா டப்பாவை மேசை விளிம்புக்கு முழங்கையால் இழுத்தது. சுற்றிப் பார்த்தது. கன்றுக்குட்டி தொட்டியில் வாய் வைக்கிற மாதிரி குனிந்து, உதட்டாலேயே குண்டை அள்ளிக்கொண்டது. நிமிர்ந்தபோது இடது கன்னம் உப்பியிருந்தது. மேல் உதட்டில் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவரையே துப்பாக்கியை மடக்கச் சொல்லி, உதட்டிலிருந்து ஒவ்வொரு குண்டாகப் புறங்கையில் தாங்கிக் குழாயில் போட்டது. பத்தும் போட்டது. நான் சோளத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பத்தடி தூரம்தான். போகவில்லை.

ஆனி மழையில் அக்கா படுக்கையில் விழுந்துவிட்டது. மகள் ஜீப் பிடித்து வந்தாள். மீதிக் குண்டு டப்பாவெல்லாம் ஏறாமல் ஜீப்பில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம். ஏற்றித்தான் கூட்டிப்போனார்கள்.

ஒரு மாசம் கழித்துப் பந்தலூருக்குப் போனேன். லயத்தில் இரண்டு ரூம். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது, இரண்டு கையும் மடியில் தொங்க. முகம் வெளுத்து, கால் வீங்கி. எதிரே கட்டில். கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள். கட்டில்மேல் இரண்டு வயசுப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது.

மகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "நீங்களாவது சொல்லுங்க. முந்தாநேத்து பாப்பா ஒரு டப்பாவத் தொறந்து வச்சு வெளையாடிட்டு இருக்கு. கையெல்லாம் வெள்ளை. வித்துரலாம்னா அம்மா அழுவுது. அம்மா அழுது நான் பாத்ததே இல்ல."

நான் போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்தேன். "அந்தக் குண்டை எனக்குக் குடுத்தருங்க்கா."

"எதுக்கு?"

"பாப்பா இருக்குதுங்க..."

"பாப்பாவ நான் பாத்துக்குவேன். அடுத்த சீசனுக்கு வேணும் புள்ள. இப்ப டப்பா என்னா வெலைன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியும். அக்கா வாங்கினதற்கு இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. மகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"கடையை நான் எடுத்து நடத்தலாம்னு இருக்கனுங்க்கா. இப்ப வெலைக்குக் குண்டு வாங்கி எனக்குக் கட்டுபடியாகாதுங்க. உங்க குண்டு இருந்தாத்தான் பத்துக் குடுக்க முடியும்."

அக்கா கட்டிலுக்கு அடியில் பார்த்தது. பேத்தியைப் பார்த்தது. பிறகு மகளிடம், "எடுத்துக் குடு. எல்லாத்தையும் குடு" என்றது. துப்பாக்கிக்கு எண்ணெய் எப்போது போட வேண்டும், பலூனை எந்த அளவு ஊதினால் சட்டென்று உடையும், எல்லாம் சொன்னது. நான் தலையாட்டிக்கொண்டே மூட்டை கட்டினேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டது.

"புள்ள. வாயில மட்டும் வைக்காத."

மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் கடை போடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். மகள் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். "இன்னைக்கு யாரு வந்தா?" என்று அக்கா கேட்கும். திருப்பூர் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள் என்பேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்பது பலூன் உடைத்த ஒரு தாத்தா என்பேன். சின்ன வயசிலிருந்தே எனக்குப் பொய் சொன்னால் வியர்க்கும். அந்தப் பொய்கள் வியர்க்காமல் வந்தன. "பத்துதானே குடுக்குற?" என்று கேட்கும். "பத்துதானுங்க்கா." ஐப்பசியில் ஒரு ஞாயிறு வந்த போனில் அக்கா இல்லை, மகள்தான். அவள் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டப்பாக்கள் என்னிடம்தான் இருக்கின்றன. தார்ப்பாயில் சுற்றிக் கட்டி, என் மகள் கைக்கு எட்டாத பரண்மேல் வைத்திருக்கிறேன். ஏரியில் போட முடியாது. மண்ணில் புதைத்தால் அந்த மண்ணில் கேரட் போடுவார்கள். குப்பை வண்டியில் போட்டால் அதைக் கிளறுகிறவன் எடுப்பான். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் எதிர்க்கடைக்காரர் வந்திருந்தார். குண்டு விலை மறுபடி ஏறிவிட்டதாம், அக்காவின் டப்பாக்களைக் கேட்டார். அவர் கேட்கும்போதே வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"அதைத் துப்புங்கண்ணா முதல்ல" என்றேன்.

"நீங்க எப்பவும் பயப்படற ஆளுங்க." சிரித்தார். "என்ன வெலைன்னாலும் குடுக்கறனுங்க. நீங்களும் கடை போடலை. அதை வெச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க?"

"தெரியலீங்க" என்றேன்.